செபஸ்தியனுக்கு முன்னால் போனது

1954ஆம் ஆண்டு ஐப்பசி மழை தொடங்கிய கிழமையில், கொச்சிக்கடையில் மூட்டை தூக்கிப் பிழைத்த கள்ளச் செபஸ்தியனுடைய ‘கள்ள’ என்ற சொல் அவனுடைய பெயரை விட்டு இறங்கி, அவனுக்கு இரண்டடி முன்னால் நடக்கத் தொடங்கியது. ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் உயரம் இருந்தது. நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நனைந்த சணல் சாக்கின் வாடை இருந்தது. கை, கால், முகம் எதுவும் இல்லாமலே அது நடந்தது. அதே கிழமை தேங்காய் விலை ஐந்து சதம் ஏறியிருந்தபடியால், வரிசை வீடுகளில் அவனோடு குடியிருந்த வேம்படித் தோட்டத்துச் சனம் தேங்காயைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தது.

அந்தச் சொல் அவனிடம் வந்த விதத்தை முதலில் சொல்லவேண்டும். கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பெயர் தேடிப் பெற்றோர் மினக்கெடுவதில்லை. ஞானஸ்நானம் கொடுக்கிற நாளுக்குக் கிட்ட எந்தப் புனிதரின் திருநாள் வருகிறதோ அந்தப் பெயர். தை மாதம் பிறந்த ஆண்பிள்ளை செபஸ்தியன். ஆகவே துறைமுகத்தில் நோபேட் கங்காணியின் ஆட்களில் மூன்று பேர் செபஸ்தியன்கள். கப்பலின் வயிற்றுக்குள் நிற்கிற ஒருவனை மேலேயிருந்து கூப்பிட்டால் மூன்று பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். தலைக்கு மேல் சரக்கு தொங்கும்போது கூப்பிடப்படாதவன் அண்ணாந்து பார்த்தால் அவன் செத்தான். பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைப் போடுவது அங்கே பகிடி அல்ல, வேலை முறை. ஒருவன் உயரம், அவன் நெட்டைச் செபஸ்தியன். இன்னொருவன் அவனுடைய நெஞ்சுக்குத்தான் வருவான், அவன் கட்டைச் செபஸ்தியன். மூன்றாமவன் உயரமும் இல்லை, கட்டையும் இல்லை. கறுப்பென்றும் சொல்லமுடியாது, வெள்ளையென்றும் சொல்லமுடியாது. மூக்கு, காது, பல்லு எல்லாம் அளவாக இருந்தன. அவன் வெறும் செபஸ்தியனாகவே வேலை செய்தான்.

பிறகு ஒரு சீனிக் கப்பல் வந்தது. இறக்கி முடிந்தபோது ஒரு மூட்டை குறைந்தது. அடுத்த கப்பல் வந்தபோது மூன்றாமவன் கள்ளச் செபஸ்தியன் ஆகியிருந்தான். முதலில் சொன்னது யார் என்று எவருக்கும் நினைவில்லை. அவனைப் பொலிசுக்குக் கொண்டுபோகவில்லை, வேலையால் நிற்பாட்டவில்லை, ஏன், அவன் களவெடுத்தான் என்றுகூட யாரும் சொல்லவில்லை. கள்ளச் செபஸ்தியனைக் கூப்பிடு என்றார்கள். கள்ளச் செபஸ்தியன் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டான் என்றார்கள். கள்ளச் செபஸ்தியனின் பெண்சாதிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கு என்றார்கள். இதில் எதை மறுப்பது? தேத்தண்ணி குடிக்கப் போனது உண்மை, பிள்ளை பிறந்ததும் உண்மை. கள்ளன் என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னால் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்து எதை, எப்போது என்று கேட்கலாம். பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிற சொல்லுக்குப் பிடிக்கச் சேட்டு இல்லை. செபஸ்தியன் கைகாரன், ஒரு கையால் அரிசி மூட்டையைத் தோளுக்கு ஏற்றுவான். ஆனால் இந்த விசயத்தில் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

சொல் இறங்கி நடக்கத் தொடங்கியபின் அவன் எங்கே போனாலும் அது முதலில் போய்ச் சேர்ந்தது. சந்தியில் கடை வைத்திருந்த அலவி நானா, அது வாசலில் தெரிந்தவுடன் இனிப்புப் போத்தல்களின் மூடியை இறுக்கிவிட்டு, பிறகுதான் வருகிறவனின் முகத்தைப் பார்ப்பார். அவரில் கெட்ட எண்ணம் இல்லை. கை தானாக மூடிக்குப் போகிறது என்று அவரே செபஸ்தியனிடம் சொல்லி வருத்தப்பட்டார். “நீங்க வாறத்துக்கு முந்தி அது வந்து ஈக்குது, தம்பி. நான் என்ன செய்ய?” துறைமுக வாசலில் நின்ற காவல்காரன் சிங்களவன். அவனுக்கும் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. சிங்களத்திலும் அப்படியான சொல் பெயருக்கு முன்னால்தான் போகும். “மல்லி, மெஹெ என்ன”, தம்பி இங்கே வா என்று தினமும் பின்னேரம் செபஸ்தியனைத் தனியாக வரச்சொல்லி, சாரத்தை உதறிக்காட்டச் சொன்னான். உதறினால் தூசு விழும், வேறொன்றும் விழாது. அடுத்த நாளும் உதறச் சொல்வான்.

சொல்லின் குணம் என்னவென்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. பெண்சாதி பேர்ணடெற் தனியாகப் பைப்படிக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் அது போனது. மகள் மரியகொறற்றி தவழ்ந்து வாசலுக்கு வந்தாலும் அவளுக்கு முன்னால் அது தவழாமல் நடந்து வந்தது. மூன்று பேரும் ஒன்றாகப் பூசைக்குப் போனால் மூன்று சொல் போவதில்லை, ஒன்றே மூன்று பேருக்கும் போதும். ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி என்று அது தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. குழந்தைக்காகச் சிறுக்கவில்லை, கூட்டத்துக்காகப் பெருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இப்படியானதைப் பெயரடை என்று படிப்பிப்பார்கள். ஒருவரைப் பார்த்து வளைந்துகொடுக்காது, முன்னால் போகும், அவ்வளவுதான் என்பார்கள். தோட்டத்தில் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ‘அது’ என்றார்கள்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு மே மாதக் கடைசியில் கலவரத்தோடு இன்னொரு சொல் வந்தது. அது ‘தமிழ்’. எங்கிருந்தோ வந்து தோட்டத்தில் எல்லா வாசல்களிலும் ஒரே இரவில் நின்றது, எருமை மாட்டின் உயரம். அதற்கு முன்னால் நெட்டை, கட்டை, கள்ள எல்லாம் கோழிக்குஞ்சு. தடியோடு தெருவில் வந்தவர்கள் அந்த ஒரு சொல்லைத்தான் பார்த்தார்கள், பின்னால் நிற்கிறவன் யார், என்ன பெயர் என்று கேட்கவில்லை. சனம் கோயிலுக்குள் போய், பூசைக்கு இருக்கிற வாங்குகளுக்கு நடுவில் படுத்தது. செபஸ்தியனின் சொல் வாசற்படிக்கு வெளியே, பெரியதின் வயிற்றுக்குக் கீழே ஒதுங்கிக் கிடந்தது. அந்த நாட்களில் யாரும் போத்தல் மூடியை இறுக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே சொல், எல்லாருக்கும் ஒரே பயம். பக்கத்தில் படுத்தவள் தன் தாலிக்கொடியைக் கழற்றி, ஒளித்து வைக்கச் சொல்லி செபஸ்தியனிடமே கொடுத்தாள். ஊர் அடங்கியபின் பெரிய சொல் வாசல்களை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனது. முழுதாகப் போகவில்லை. தாலிக்கொடியைத் திருப்பி வாங்கியவள் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்தாள். கள்ள தன் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

அதை அனுப்பிவிட முயலாமல் இல்லை. ஒருமுறை நெட்டையும் கட்டையும் சேர்ந்து அதைச் சாக்கில் பிடித்துக் கட்டி, ரங்கூனுக்குப் போகிற கப்பலில் வெறும் சாக்குக் கட்டுகளோடு ஏற்றிவிட்டார்கள். கப்பல் சங்கு ஊதுவதற்கு முன்பே அது செபஸ்தியனுக்கு முன்னால் நின்றது. அதற்குத் தனியே நிற்க ஏலாது. சாய்ந்து நிற்க ஒரு பெயர் வேண்டும். கடலில் அதற்கு யாரைத் தெரியும்?

பேர்ணடெற் வேறு வழியில் போனாள். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலில் நவநாள் இருந்து, தன் புருசனுக்கு ‘நல்ல’ என்று ஒரு சொல் வேண்டுமென்று மன்றாடினாள். கேட்டது கிடைத்தது. ஒரு நாள் விடிய எழும்பிப் பார்க்க, வெள்ளை வெளேரென்று ஒரு ‘நல்ல’ வாசலில் வந்து நின்றது. ஆனால் அவள் நினைத்தபடி புருசனுக்குப் பக்கத்தில் அது வந்து நிற்கவில்லை. பிந்தி வந்தது வரிசையின் தலைப்பில் போய் நின்றுவிட்டது. முதலில் நல்ல, பிறகு கள்ள, கடைசியில் செபஸ்தியன். தெருவில் பார்த்தவர்கள் ‘நல்ல’வைக் கள்ளவோடு சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். தொழில் தெரிந்தவன் போலிருக்கு என்றார்கள். மருதானையிலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்து, பூட்டு உடைக்க ஆள் தேவை, பங்கு தருகிறோம் என்று மரியாதையாகக் கேட்டுப் போனார்கள். பெரிய வெள்ளிக்குப் பாஸ்கா நாடகம் போடுகிறவர்கள் வந்து, கர்த்தருக்கு வலப்பக்கத்தில் நல்ல கள்ளனாகத் தொங்குவதற்கு அவனை விட்டால் ஆளில்லை என்றார்கள். செபஸ்தியன் பெண்சாதியைப் பார்த்தான். “நீ கேட்டதத் திருப்பிக் குடுத்திட்டு வா” என்றான். அவள் அடுத்த செவ்வாய் ‘நல்ல’வைக் கோயிலில் கொண்டுபோய் விட்டுவிட்டு அழாமல் வந்தாள்.

ஆண்டுகள் போயின. துறைமுகம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது, ஆட்களை நிரந்தரமாக்கினார்கள், நோபேட் கங்காணி இளைப்பாறினார். செபஸ்தியனுக்கு முன்மண்டை வழுக்கையானது, முழங்கால் பழுதானது. சொல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே உயரம், அதே வாடை. மரியகொறற்றி வளர்ந்து, வத்தளையில் ஒரு நூல் ஆலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் ஏறும்போது அது முதலில் ஏறும், இருக்கிறவர்கள் பையை மடிக்கு இழுப்பார்கள், பிறகு அவள் ஏறுவாள். அந்த பஸ்ஸில் ஸ்ரனிஸ்லாஸ் என்று ஒரு பொடியன் வந்தான், அதே ஆலையில் மெஷின் பூட்டுகிற வேலை. அவனும் அதைப் பார்த்தான். ஆனால் அவனுக்கு அது களவைக் காட்டவில்லை, அவள் ஏறப்போகிறாள் என்பதைக் காட்டியது. அது படியில் தெரிந்தவுடன் தன் இடத்தை விட்டு எழும்பி நிற்பான். முதல் நாள் அவள் அந்த இடத்தில் இருக்கவில்லை. “உங்கட பையப் பாத்துக்கொள்ளுங்க” என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே வந்தாள். அவன் தன் பையை அவளிடமே நீட்டினான், பிடியுங்கோ, எனக்கு நிக்கக் கஷ்டம் என்றான். ஒரு வருசம் அந்தப் பையை அவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள்.

1974ஆம் ஆண்டு, பேக்கரியில் பாணுக்கு விடியப்புறமே வரிசையில் நின்ற காலத்தில், ஸ்ரனிஸ்லாஸின் தாய் புளோறன்ஸ் பெண் பார்க்க வத்தளையிலிருந்து வந்தாள். விதவை, கோழி வளர்த்து மகனைப் படிப்பித்தவள், கதை குறைவு. தோட்டத்துக்குள் வந்தவள் வாசலில் நின்ற அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டியிருந்தது. தேத்தண்ணி குடித்தாள், சீனி போடாதது பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சீனி எவர் வீட்டிலும் இல்லை. பெண்ணைப் பார்த்தாள். பெண் பிடித்துக்கொண்டது என்பது அவள் கோப்பையை வைத்த விதத்திலேயே தெரிந்தது. எழும்பும்போது செபஸ்தியனிடம் சொன்னாள்: “பிள்ளயில ஒரு குறையும் இல்ல. ஆனா அந்தச் சாமான் முன்னுக்குப் போக, பின்னால என்ர மகன் போகமாட்டான். மூண்டாம் ஓல வாசிக்க முந்தி ஒரு முடிவு எடுங்க.”

கலியாணத்துக்கு முந்திய மூன்று ஞாயிறும் பூசையில் பங்குச் சுவாமியார் மாப்பிள்ளை பெண் பெயர்களை வாசித்து, இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று கேட்பார். அதுதான் ஓலை வாசிப்பது. மூன்றாம் ஓலை தாண்டிவிட்டால் பிறகு ஒருவரும் வாய் திறக்கமுடியாது. முதல் ஞாயிறு செபஸ்தியன், தான் கோயிலுக்குப் போகாவிட்டால் அதுவும் போகாது என்று நினைத்து வீட்டில் படுத்துக் கிடந்தான். அது மகளுக்கு முன்னால் போய் நடுப்பாதையில் நின்றது. இரண்டாம் ஞாயிறு மூன்று பேருமே போகவில்லை. பெண்வீட்டு வாங்கு வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்து ஊர் இன்னும் கூடுதலாகக் கதைத்தது. அன்று பின்னேரம் மரியகொறற்றி அப்பாவிடம், ஸ்ரனிஸ்லாஸுக்கு வேறிடம் பார்க்கச் சொல்லிவிடப்போகிறேன் என்று, அரிசி முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். பேர்ணடெற் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், அடுப்பில் நெருப்பு ஏற்கெனவே இருந்தது.

அந்தக் கிழமை புதன்கிழமை சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் மேல்மாடியிலிருந்து ஒரு பெரிய இரும்புப் பெட்டகத்தைக் கீழே இறக்கவேண்டியிருந்தது. கிரேன் போகாத இடம். இப்படியான பாரத்தை இறக்கும்போது ஒருவன் பாரத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகப் படியிறங்குவான். அவனுக்குத் தன் கால் தெரியாது. மேலே நிற்கிறவன் அவனுக்காகப் படியைச் சொல்லிக்கொண்டு வருவான். ‘படி ஒண்டு. இன்னொண்டு. இடது கைப்பக்கம் சுவர்.’ சொல்கிறவனை நம்பித்தான் கால் வைக்கவேண்டும். பின்பக்கமாக இறங்கியவன் செபஸ்தியன், சொன்னவன் கட்டை. பாதிப் படியில் கட்டை சொல்வதை நிறுத்திவிட்டான். பாரத்தின் அடியில் ஒரு கால் காற்றில் நிற்கச் செபஸ்தியன் ஒரு தூஷணம் சொல்லி, படியைச் சொல்லடா என்றான். கட்டை சொன்னான்: “அது உனக்குப் பின்னால நிக்குது, மச்சான்.”

அப்படித்தான் இருந்தது. முகம் இந்தப் பக்கம், நடை அந்தப் பக்கம் என்றவுடன் அதற்கு முன்னும் பின்னும் குழம்பி, இவனுடைய முதுகுக்கு அப்பால் போய்விட்டது. பின்னால் போனபிறகு அது பழைய மாதிரி இல்லை. கை வந்திருந்தது, கால் வந்திருந்தது, ஒரு நடுத்தர ஆம்பிளையின் உயரத்துக்கு எழும்பியிருந்தது. முன்னால் நின்ற இருபது வருசமும் யாரையும் பார்த்து மாறாதது, பின்னால் போனவுடன் ஆளைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொண்டது. அன்று பின்னேரம் செபஸ்தியன் துறைமுக வாசலைப் பின்பக்கமாக நடந்து கடந்தான். இப்போதிருந்த காவல்காரன் பழையவனின் மகன். அவன் வாயைத் திறந்தான், தகப்பனைப் போலவே ‘மல்லி’ என்றான், பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் பீடியைப் பற்றவைத்தான்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேம்படித் தோட்டத்தில் செபஸ்தியனின் குடும்பம் பின்பக்கமாக நடக்கப் பழகியது. பேர்ணடெற் சட்டியில் இடறி விழுந்தாள். மரியகொறற்றி வேப்பமரத்தில் மோதிச் சிரித்தாள், அந்தக் கிழமையில் அவள் சிரித்தது அப்போதுதான். பைப்படியில் நின்ற பெண்கள், கலியாணத்துக்கு முந்தியே திரும்பி வாறீங்களோ என்று பகிடி பண்ணினார்கள். ஞாயிற்றுக்கிழமை நெட்டை கால்சட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்தான், கட்டை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தான். வீட்டார் மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு, கோயில் பக்கம் முதுகைக் காட்டி நடந்தார்கள். இரண்டு செபஸ்தியன்களும் எதிரே நடந்தபடி பாரம் இறக்குகிற குரலில் படியைச் சொல்லிக்கொண்டு போனார்கள். ‘தண்ணிக் கான் வருது, பெரிய அடி வையுங்க. கல்லு. இப்ப வாசப்படி, ஒண்டு, இன்னொண்டு.’ தெருவில் பஸ்ஸை நிற்பாட்டிப் பார்த்தார்கள். கோயிலுக்குள் அப்படியே நுழைந்து, நடுப்பாதையால் வந்து, பெண்வீட்டு வாங்கில் திரும்பி இருந்தார்கள். அவர்கள் திரும்ப, அதுவும் சுற்றிக்கொண்டு அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் வந்தது. பின்வாங்கில் ஓர் ஆளின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆள் போல இருந்தது.

சுவாமியார் பெயர்களை வாசித்தார். மரியகொறற்றியின் பெயருக்கு முன்னால் அன்று ஒன்றுமில்லை. தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்றார். புளோறன்ஸ் எழும்பினாள். சொன்ன சொல்லை விடுகிறவள் அல்ல. ஆனால் விரலை நீட்ட அவளுக்கு முன்னால் எதுவும் நிற்கவில்லை. அவள் திரும்பிப் பின்வாங்கைப் பார்த்தாள், பிறகு செபஸ்தியனைப் பார்த்தாள். இருபது வருசத்தில் ஒருவரும் அந்த ஒழுங்கில் சொல்லாததை அவள்தான் முதலில் சொன்னாள். “பாதர், செபஸ்தியன் கள்ளன்.” பின்வாங்கில் இருந்தது எழும்பி நின்றது.

சுவாமியார் என்னத்தைக் களவெடுத்தவன் என்று கேட்டார். புளோறன்ஸுக்குத் தெரியாது, அவள் வத்தளை. வாங்குகளில் முணுமுணுப்பு எழுந்தது. சீனி என்றார் ஒருவர். இல்லை, பேரீச்சம்பழம். பித்தளைக் குழாய் என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். தாலிக்கொடி என்ற ஒருத்தியைப் பார்த்து, ஐம்பத்தெட்டில் அந்தக் கொடியைக் கொடுத்தவளே, அது எனக்குத் திரும்பி வந்தது, நீ வாயை மூடு என்றாள். எதை என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போனது. அப்போது மரியகொறற்றி வாங்கைவிட்டு எழும்பி, நடுப்பாதைக்கு வந்து புளோறன்ஸுக்கு நேரே நின்றாள். குரல் உயரவில்லை.

“மாமி, அது அப்பாவுக்கு மட்டும் போகேல்ல. நான் தவண்ட நாளிலயிருந்து எனக்கும் முன்னால போனது. அப்ப நான் என்ன எண்டும் சொல்லுங்க. என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.”

பின்வாங்கில் நின்றது மாறத் தொடங்கியது. தோள் குறுகியது, தலைமயிர் முதுகுவரை இறங்கியது, பாதி ஆண் பாதி பெண்ணாக வந்து, மீதிக்குப் புளோறன்ஸின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் கள்ளி என்று சொன்னால் அது முழுப் பெண்ணாகிவிடும். புளோறன்ஸ் வாயைத் திறந்தாள். பெண்ணைப் பார்த்தாள், ஒரு வருசம் தன் மகனின் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்த பெண்ணை. அந்தப் பைக்குள் அவள் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல் ஒரு நாளும் குறைந்து வந்ததில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பவும் வாங்கில் இருந்தாள். யாருக்கும் என்றில்லாமல், “அது பிள்ளதானே” என்றாள். சுவாமியார் இன்னும் யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த கலியாணத்தின் ஓலையை வாசிக்கப் போனார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது கோயில் மதிலோரத்தில் நோபேட் கங்காணி தடி ஊன்றி நின்றார். எண்பதை நெருங்கியிருந்தார். நெட்டைச் செபஸ்தியன் அவரிடம் போய், அந்தச் சீனி மூட்டைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டான். கங்காணி யோசித்தார். “கடல்ல விழுந்ததோ தெரியாது. ஆரெண்டு கப்பல்காரன் கேட்டான். உனக்கு நெட்டை இருந்தது, மற்றவனுக்குக் கட்டை இருந்தது. இவன் ஒருத்தன்தானே ஒண்டும் இல்லாம நிண்டவன்.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு முழங்கால் நோவுக்கு எந்தத் தைலம் நல்லதென்று நெட்டையைக் கேட்டார். செபஸ்தியன் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். கையை மடக்கினான், விரித்தான். எண்பது வயது மனிதனின் சேட்டைப் பிடித்து என்ன செய்வது? தைலத்தின் பெயரை அவனே சொன்னான்.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. செபஸ்தியன் மகளை முன்பக்கமாகவே நடத்திக்கொண்டு போனான். பாதி உருவில் நின்றுவிட்டது கொஞ்ச நாள் கோயிலின் பின்வாங்கிலேயே கிடந்தது. கோயில் வேலை பார்க்கிற சங்கிலித்தாம் அதைச் சுற்றிக் கூட்டினார். ஆனால் அதற்குத் தனியே இருக்க ஏலாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மெலிந்து, கைகால் உதிர்ந்து, மறுபடி ஆட்டுக்குட்டி அளவுக்குச் சுருங்கி, ஒரு காலையில் வேம்படித் தோட்டத்துப் பைப்படியில் போய் நின்றது. பகலில் எல்லாரும் வாளி வைக்கும்போது தண்ணி விடாமல், ஆளில்லாத நேரத்தில் தன்பாட்டில் ஓடிவிட்டு நிற்கிற பைப் அது. கள்ளப் பைப் என்று பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். பைப் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லுக்கும் அந்த இடம் பிடித்துக்கொண்டது.

முன்னால் ஒன்றும் போகாமல் நடப்பது செபஸ்தியனுக்கு நெடுநாள் பழகவில்லை. சனக்கூட்டத்தில் வழி விடுவார் இல்லை. நாய்கள் ஒதுங்கவில்லை. அலவி நானாவின் கடையில் அவன் வந்து நிற்பதே தெரியாது, இருமிக் காட்டவேண்டியிருந்தது. நானா நிமிர்ந்து பார்த்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, திறந்த போத்தலை அப்படியே விட்டுவிட்டுப் பருப்பு நிறுக்கப் போவார். செபஸ்தியன் அந்தத் திறந்த போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வத்தளையில் ஸ்ரனிஸ்லாஸ் பஸ்ஸில் இரண்டொரு தரம் பெண்சாதிக்கு இடம் பிடிக்கத் தவறிவிட்டான். அவள் ஏறிவிட்டாள் என்பதை இனி அவளைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

1979ஆம் ஆண்டு அந்தோனியார் திருநாளுக்கு மரியகொறற்றி தன் நாலு வயது மகளோடு தோட்டத்துக்கு வந்தாள். பிள்ளை பைப்படியில் நின்றதைக் கண்டு, கிட்டப் போய் மணந்து பார்த்து, மூக்கைச் சுளித்தது. செபஸ்தியன் வாளியோடு பக்கத்தில் நின்றான்.

“அம்மா, இது ஆரிட?”

மரியகொறற்றி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், குடத்தை இடுப்புக்கு மாற்றினாள். “அது பைப்பிட” என்றாள். “தள்ளி நில்லு, தாத்தா தண்ணி பிடிக்கட்டும்.” பிள்ளை தள்ளி நின்றது. அதுவும் கொஞ்சம் தள்ளி நின்றது. செபஸ்தியன் வாளியை வைத்தான். அன்று பைப் பட்டப்பகலில் தண்ணி விட்டது, வாளி நிரம்பும்வரை.